சகபாடி, கூட்டாளி, குசினியக்கா

அறுபது பேருக்குச் சமைக்கிற வேலையில் சோறு குழைவதும் குழம்பு அடிப்பிடிப்பதும் பெரிய கஷ்டமில்லை. அந்த அறுபது பேரும் அன்றைக்கு ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதை நினைவில் வைத்திருப்பதுதான் கஷ்டம். யாருக்குப் பக்கத்தில் யாருக்கு இலை போடலாம், யாருடைய பங்கை யாரிடம் கொடுத்துவிடலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். என்னைப் போலப் பெரிய பானையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு விளங்கும்.

நான் வடமராட்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் பதினாலு வருஷமாகச் சமைக்கிறேன். பெயர் அன்னப்பிள்ளை. அந்தப் பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை. குசினி என்கிற சமையற்கட்டில் நிற்பதால் குசினியக்கா. என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் அக்காதான்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அந்த நாலு வகுப்பும் படித்தது வேறெங்கும் இல்லை, இதே பள்ளிக்கூடத்தில்தான். அப்போது இது தென்னங்கிடுகு வேய்ந்த ஒரே ஒரு கொட்டில். விடுதியும் இல்லை, குசினியும் இல்லை. இது இங்கே இன்னொரு ஆளுக்கு மட்டும் தெரியும். அந்த ஆள் வாய் திறக்கவில்லை. வேலை கேட்டு வந்த இடத்தில் நானாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பலகாரத் தகரம்

பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வரும் பலகாரத் தகரங்கள் என் பொறுப்பில், குசினித் தட்டில் இருக்கும். யார் வந்து கேட்டால் யாருடைய தகரத்தைத் திறப்பது என்பது பெரிய சட்டம். ஒரே வகுப்பில் படிக்கிறவள் சகபாடி. அவளுக்குத் தகரத்தில் பங்கு இல்லை. கூட்டாளிக்குப் பாதி உண்டு. ஒரே அறையில் படுக்கிறவள் அறைக்காரி. அவளுக்குப் பங்கு கிடையாது, ஆனால் எப்படியோ எடுத்துவிடுவாள். ஊர்க்காரி என்றால் ஊரிலிருந்து யாராவது பார்க்க வரும் நாளில் மட்டும் ஒரு அரியதரப் பலகாரம்.

ஏழாம் வகுப்புப் பராசக்தியும் இராசமும் கூட்டாளிகள். ஒருநாள் பராசக்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "அக்கா, இனி என்ரை தகரத்தை இராசத்துக்குத் திறக்கக் கூடாது" என்றாள். ஏன் பிள்ளை, கூட்டாளி எல்லோ என்று கேட்டேன். "இல்லை. இண்டையிலையிருந்து சும்மா சகபாடி." நானும் தகரத்தை மேல்தட்டுக்கு மாற்றினேன். பந்தியில் இரண்டு பேரையும் இரண்டு மூலையில் இருத்தினேன். அதனால் மற்றப் பத்துப் பேரின் இடம் மாறி, அந்தப் பத்துப் பேரும் என்னோடு கோபம்.

அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் இரண்டும் ஒரே கொப்பிக்குள் தலையை விட்டபடி கணக்குச் செய்துகொண்டிருக்கின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் தீர்ந்தது என்றால் எனக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதா, தகரத்தை இறக்கி வைத்திருப்பேனே என்று கேட்டேன். பராசக்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கோவம் தீரேல்லை அக்கா. கூட்டாளியோடை கோவிக்கலாம். சகபாடியோடை கோவிச்சால் கணக்கை ஆரைப் பாத்து எழுதிறது?"

கதவுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே

நான் முன்பு சொன்ன அந்த இன்னொரு ஆள் சிவக்கொழுந்து ரீச்சர். கொட்டில் காலத்தில் நானும் அவரும் இருந்தது ஒரே வாங்குப் பலகை, ஒரே சிலேட்டு. சிலேட்டு அவருடையது, அழிக்கிற துணி என்னுடையது. நான் நின்றுவிட்டேன், அவர் படித்து, பயிற்சி எடுத்து, இதே பள்ளிக்கூடத்துக்கு ரீச்சராக வந்தார். நான் வீட்டுக்காரர் காலமான பிறகு அகப்பையோடு வந்தேன்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாற முன்னர் முறைக்கு நிற்கிற ரீச்சர் குசினிக்கு வந்து ருசி பார்க்க வேண்டும். சிவக்கொழுந்து ரீச்சரின் முறை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வருவார். உள்ளங்கையில் குழம்பை விட்டு நக்கிவிட்டு, "எடி அன்னம், உப்புக் காணாது" என்பார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதும், தலைமை ஆசிரியையான பெரிய ரீச்சருக்குக் கேட்கத்தக்கதாக, "குசினியக்கா, உப்புச் சற்றுக் குறைவாக உள்ளது" என்பார். ஒரே குழம்பு, ஒரே உப்பு. கதவுக்கு உள்ளே நான் எடி, கதவுக்கு வெளியே நான் அக்கா. உங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கதவு இருக்கிறதோ தெரியாது.

ஒருநாள் பெரிய ரீச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் முந்தியே பழக்கமோ?" என்று கேட்டார். இப்போது சொல்லிவிடுவார் என்று அகப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "ஓம், ஒரே ஊர்" என்றார் சிவக்கொழுந்து ரீச்சர். ஒரே ஊர் என்றால் என்ன? ஊரில் ஆடும் மாடும் கூடத்தான் இருக்கின்றன. தேங்காய் துருவி, மா இடிக்கிற செல்லாச்சியிடம் அன்று முழுவதும் இதையே சொல்லிப் புலம்பினேன். என்ன காரணமென்று சொல்லாமல் புலம்பினேன், அதனால் புலம்பல் நீண்டுபோனது. கடைசியில் செல்லாச்சி துருவுபலகையை விட்டு எழும்பாமலே சொன்னாள்: "ஒரே ஊர் எண்டாவது சொன்னவ எல்லோ, சந்தோசப்படு. என்ரை மனிசன் இருவது வருசமாய் என்னைப் பேர் சொல்லாமல் 'உங்கை நிக்கிறவ' எண்டுதான் சொல்லுறார்."

எட்டாவது ஆள்

யாழ்ப்பாணப் பட்டினத்துப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களோடு நெற்போல் என்கிற வலைப்பந்து விளையாட பஸ்ஸில் வந்தார்கள். பராசக்திதான் எங்கள் ரீமுக்குத் தலைவி. முதல் நாளே குசினிக்கு வந்து என் காதுக்குள் ஒரு யோசனை சொன்னாள். நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதோடு நிற்காமல் அதற்கு மேலே இரண்டு யோசனை நானும் சொன்னேன். வந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கு முன்னர் பிட்டு, நெய், பனங்கட்டி, ஆளுக்கு மூன்று கதலி வாழைப்பழம். மறுத்தால் மனம் நோகும் என்று சொல்லிச் சொல்லிப் போட வேண்டும். விருந்தாளியை உபசரிப்பதில் என்ன குற்றம்? அதற்குப் பிறகு அவர்கள் ஓடினால் பார்ப்போம்.

செல்லாச்சி விடியற்புறம் தொடங்கி மா இடித்தாள். நான் குழல் குழலாக அவித்துத் தள்ளினேன். அவர்கள் வந்து இறங்கினார்கள். கூட வந்த ரீச்சர் பிட்டைப் பார்த்தார், கும்பிட்டார். "விளையாட்டு முடிய வடிவாய்ச் சாப்பிடுவம் அக்கா. முதல் சாப்பிட்டால் பிள்ளையளுக்கு ஓடேலாது" என்றார். அந்த நேரம் பார்த்துப் பெரிய ரீச்சர் வந்தார். ஆறிப்போன சாப்பாட்டை விருந்தாளிக்கு வைப்பது எங்கள் விடுதியில் வழக்கமில்லை. "உதை எங்கடை பிள்ளையளுக்குக் குடுத்திட்டு, அவைக்குச் சூடாய் வேறை அவியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய ரீச்சர் சொன்னால் மறுக்க முடியாது. பிட்டும் மறுக்கக்கூடிய பிட்டு இல்லை. எங்கள் ரீம் ஏழு பேரும் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள்.

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் பந்து வந்தால் பிடித்தார்கள், வராவிட்டால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோற்ற பிறகு பராசக்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கடை ரீமிலை ஏழு பேர் இல்லை அக்கா, எட்டுப் பேர். எட்டாவது ஆள்தான் எங்களைத் தோக்கடிச்சது."

இன்ஸ்பெக்டரின் வடை

அது திட்டுத்தான். ஆனாலும் எண்ணிக்கையில் என்னைச் சேர்த்துத் திட்டினாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் மற்றவர்கள் எண்ணும்போது நான் எப்போதும் விடுபட்டுப் போவேன்.

வருஷத்துக்கு ஒருமுறை படிப்பைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவார். பள்ளிக்கூடத்து மனேச்சர் சால்வையைச் சரிசெய்துகொண்டு அவருக்கு எல்லாவற்றையும் காட்டுவார். பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய பழைய மனேச்சரின் மகன்தான் இவர். "இவை எங்கடை ஆசிரியைமார். இவை எங்கடை மூத்த மாணவியர். இது எங்கடை கிணறு, கோடையிலும் வத்தாது. இது எங்கடை குசினி." அந்தக் குசினி வாசலில் வடைத் தட்டோடு நான் நிற்கிறேன். என்னைத் தாண்டி அடுப்பைக் காட்டினார், புகைக்கூண்டைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தட்டிலிருந்து ஒரு வடை எடுத்தார், இன்னொன்று எடுத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு மனேச்சரிடம் கேட்டார்: "கிணறும் பாத்தன், குசினியும் பாத்தன். இந்த வடையைச் சுட்டது அதுகளிலை எது?"

முப்பத்தொரு இலை

அந்த வருஷம் பழைய மாணவியர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதற்கூட்டம் முடிய மத்தியான விருந்து. முதற் பந்தி பழைய மாணவியருக்கு மட்டும். யார் முதலில் படித்தார்களோ அவர்கள் தலைமாட்டில், பிறகு வருஷப்படி. பெரிய ரீச்சர் வந்து இதைச் சொன்னபோது நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய காரியமா என்று நீங்களே சொல்லுங்கள். பதினாலு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துப் பந்திக்கு நான் குனிந்து பரிமாறியிருக்கிறேன். ஒருநாள், ஒரே ஒரு நாள், அந்தப் பந்தியில் நானும் இருந்து சாப்பிட வேண்டும். நாலு வகுப்பென்றாலும் படிப்புத்தானே. வரப்போகிறவர்களின் பெயர்களைப் பழைய இடாப்புகளை, அதாவது பிள்ளைகளின் வரவுப் பதிவேடுகளைப் பார்த்து எழுதுகிற வேலை சிவக்கொழுந்து ரீச்சருக்கு. அவர் ருசி பார்க்க வந்த அன்று நானே கதவைச் சாத்தினேன். "ரீச்சர், இடாப்பிலை என்ரை பேரும் கிடக்கும் எல்லோ?" என்று கேட்டேன். குழம்பை நக்கினார். "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்தப் "பாப்பம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு செல்லாச்சிக்குத் தெரியும்.

பட்டியல் குசினிக்கு வந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். முப்பது பெயர். என் பெயர் இல்லை. சரி, எனக்கு எழுதியது பாயசம் என்று பாலைக் காய்ச்சினேன். விருந்தன்று காலையில் சிவக்கொழுந்து ரீச்சர் இலை எண்ண வந்தார். முதற் பந்திக்கு முப்பத்தொரு இலை என்றார். எனக்கு ஏற்கெனவே எரிச்சல். முப்பது பேருக்கு முப்பது இலைதானே, யாரோ உத்தியோகத்தரின் பெண்சாதியை இடையில் நுழைக்கப் பார்க்கிறீர்கள், கறி போதாமல் போனால் பழி எனக்குத்தான் வரும் என்று வெடித்தேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தொண்டு எண்டால் முப்பத்தொண்டு. கணக்கிலை நீ அண்டைக்கும் மக்கு, இண்டைக்கும் மக்கு, எடி."

ஒருநாளும் தவறாத பிள்ளை

மண்டபத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. முப்பது பேரும் பட்டுச்சேலை சரசரக்க இருந்தார்கள். தலைமாட்டில் சிவக்கொழுந்து ரீச்சர். அவருக்குப் பக்கத்து இலை வெறுமையாகக் கிடந்தது. நான் சோற்றுப் பெட்டியோடு பின்கதவில் நின்றேன். சோறு ஆறுகிற நேரமாகப் பார்த்துப் பேச எழும்புவது மனேச்சரின் பழக்கம். அன்றும் எழும்பினார். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய தகப்பனார், பழைய மனேச்சர், மாலையோடு படத்தில் இருந்தார். மேசையில் ஒரு மணிக்கூடும், மட்டை கிழிந்த பழைய இடாப்பு ஒன்றும்.

"அப்பு பாதுகாத்து வைச்ச இடாப்புகளை ராத்திரித்தான் புரட்டினன்" என்று தொடங்கினார். "அதிலை ஒரு பிள்ளை. முதலாம் வகுப்பிலையிருந்து எட்டாம் வகுப்பு மட்டும் ஒருநாளாவது வராமல் விட்டதில்லை. மழைக்கும் வந்திருக்கு, காய்ச்சல் பரவின காலத்திலும் வந்திருக்கு. அப்பிடி ஒரு பிள்ளை இப்ப இருக்கோ? இந்த மணிக்கூடு அந்தப் பிள்ளைக்குத்தான். பேர் நாகமுத்து மகள் அன்னப்பிள்ளை. ஆருக்காவது ஆளைத் தெரியுமோ?"

அது என் பெயர்தான், என் தகப்பன் பெயர்தான். நாலாம் வகுப்போடு நின்ற நான் அடுத்த நாலு வருஷமும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிப் பாய்ச்சினேன். வந்தது நான் இல்லை, என் பெயர். என்ன நடந்தது என்று அங்கே நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. கொட்டில் காலத்தில் பிள்ளைகளின் தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிவிடுவார்கள். பழைய மனேச்சர் என் பெயரை வெட்டாமல் விட்டு, ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே வரவு போட்டிருக்கிறார். உண்மையாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இடைக்கிடை காய்ச்சல் வரும். இடாப்பில் மட்டும் போகிற பிள்ளைக்கு ஏன் வரப்போகிறது? நான் முன்னால் போய் நின்றால், எட்டாம் வகுப்பில் என்ன படித்தாய் என்று ஒருவர் கேட்டாலே போதும், அந்தப் படத்திலிருக்கிற மனிசனின் மானம் போய்விடும். போகாவிட்டால், நான் எப்போதும் போல உங்கை நிக்கிறவள். ஓசைப்படாமல் பின்கதவால் திரும்பப் பார்த்தேன்.

"சிவக்கொழுந்து ரீச்சர், உங்கடை வகுப்பு எல்லோ, உங்களுக்குமோ தெரியாது?" என்று மனேச்சர் கேட்டார். சிவக்கொழுந்து ரீச்சர் படத்தைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் கிடந்தது. பெரிய ரீச்சர், மனேச்சர், பட்டுச்சேலைகள் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "தெரியும் ஐயா. என்ரை சகபாடி. நாலாம் வகுப்புக்குப் பிறகு நான் வாங்கிலை இருந்து படிச்சன், உவ இடாப்பிலை இருந்து படிச்சவ. எடி அன்னம், பெட்டியை வைச்சிட்டு வா, இலை போட்டிருக்கு."

முதலில் சிரித்தது கடைசி வரிசையில் ஒரு பட்டுச்சேலை. பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. மனேச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இடாப்பைப் பார்த்தார், தகப்பனாரின் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதோடு என் வேலையும் போயிற்று என்று நான் மூட்டை கட்டும் யோசனையில் நின்றேன். அவர் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "அப்பு போட்ட வரவு பிழையில்லை. பிள்ளை வரக் கொஞ்சம் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

போய் இருந்தேன். முப்பத்தோராவது இலை. மடியில் மணிக்கூடு டிக் டிக் என்கிறது, பாயசம் அடிப்பிடிக்குமோ என்று மனம் அடிக்கிறது. சிவக்கொழுந்து ரீச்சர் தன் இலையிலிருந்த உப்பில் ஒரு கிள்ளு எடுத்து என் இலையில் வைத்தார். என் சோற்றுப் பெட்டியைச் செல்லாச்சி தூக்கிக்கொண்டு, வருஷப்படி ஒவ்வொருவராகப் பரிமாறி வந்து, என் முன்னால் குனிந்து, சந்தடி சாக்கில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்: "உங்கை இருக்கிறவவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

பரிசு மணிக்கூடு இப்போது குசினித் தட்டில் பலகாரத் தகரங்களுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் பிந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எத்தனையாம் வகுப்பு வரை படித்தேன் என்று யாராவது கேட்டால், இடாப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விடுகிறேன்.